ஒத்தி மாதிரி ஒரு பாண்டு

1. முதல் நாள் சண்டை

கொடைக்கானல் கிளைக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், நான் நாற்காலியில் உட்காருவதற்குள் ஒரு பெண் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

ஏழுரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாக்லேட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஷேர், மியூச்சுவல் ஃபண்டு, பாண்டு எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு வாங்கியும் விற்றும் கொடுக்கிற புரோக்கிங் கம்பெனி. மதுரையில் பல வருஷம் அதே வேலையைப் பார்த்தவள் நான். ரிட்டயர் ஆவதற்கு முன் கடைசிச் சில வருஷங்களை மலையில் கழிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஏதோ எனக்கு உபகாரம் செய்வது போலச் சொன்னார்கள். எனக்கு வாய் நீளம் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும், அதனால்தான் இந்த மேட்டில் ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

"நீங்கதான் புதுசா வந்த மேனேஜர் மேடமா?" என்றாள் வந்தவள். நாற்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கை இரண்டும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன.

"ஆமா. உக்காருங்க."

"உக்கார வரல. நாயம் கேக்க வந்தேன். மொத மொத வந்தப்ப ஒரு லட்சத்துக்கு மேல வந்துச்சு. போன தடவ எண்பத்தாறு. இப்ப எண்பத்து மூணு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வட்டியக் கொறச்சுக்கிட்டே வர்றீங்களே, கேக்க நாதி இல்லைன்னு நெனச்சீங்களா?"

பெயர் பாக்கியம். வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் விரிப்பு துவைக்கிற வேலை. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கீழ்மலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து, பண்ணைக்காட்டு ஜீப் டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டவள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன ஜீப் வளைவில் உருண்டு அவர் செத்துப்போனார். கோர்ட்டில் நஷ்டஈடாகப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அதை அப்படியே எங்கள் கிளை வழியாக வடக்கே ஒரு மாநகராட்சி வெளியிட்ட பாண்டில், அதாவது கடன் பத்திரத்தில், போட்டிருந்தாள். எனக்கு முன்னால் இருந்தவர் வாங்கிக் கொடுத்தது.

நான் கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்தேன். ஏழு வருஷப் பாண்டு. ஐந்து வருஷம் முடிந்திருந்தது. பணம் வந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன்.

"பாக்கியம், வர்ற பணத்த எல்லாம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாக? வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு, அவரு வாங்கிப்போட்ட ஜீப் கடன்ல கொஞ்சம். தின்னோம், உடுத்தினோம். பலனத்தான செலவழிச்சேன்? முதலத் தொடலையே! எம்பொண்ணு ஜெனி நர்ஸுக்குப் படிக்கணும்னு அவுக அப்பா ஆசப்பட்டாரு. அந்தப் பத்து லட்சம் அவளுக்கு. நான் ஒரு ரூவா தொடல."

இதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த கோபமெல்லாம் இறங்கி, முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? "டீ சாப்பிடுங்க" என்றேன்.

2. ஒத்தி

இந்தப் பக்கத்தில் வீடு பிடிப்பது இரண்டு வகை. மாதாமாதம் வாடகை ஒன்று. கையில் மொத்தமாகக் காசு இருந்தால் ஒத்தி. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பார்கள். பேசிய வருஷம் முடிந்து காலி செய்யும்போது, கொடுத்த தொகையை வீட்டுக்காரர் அப்படியே எண்ணிக் கொடுக்க வேண்டும். தோட்டத்தையும் இப்படி ஒத்திக்குப் பிடிப்பார்கள். மிளகு, காபி, வாழை என்று நடுவில் கிடைப்பதெல்லாம் காசு கொடுத்தவருக்குப் பலன். கொடுத்த காசு முதல். பலனைத் தின்னலாம், முதல் குறையாது. படிக்காதவருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி.

பாக்கியமும் புருஷனும் பண்ணைக்காட்டில் ஒத்தி வீட்டில்தான் இருந்தார்கள். அவர் செத்த பிறகு காலி செய்தபோது, வீட்டுக்காரர் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தாராம். ஒத்தி என்றால் அவளுக்குச் சத்தியம் மாதிரி.

எங்கள் ஏரியா மேனேஜர் ராஜ்மோகன் மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தார். பாண்டு என்று சொன்னால் மலைக்காரர்களுக்குப் புரிய மாட்டேன் என்கிறது, அதனால் "ஒத்தி மாதிரிதாம்மா, கவர்மெண்டு ஒங்ககிட்ட ஒத்திக்கு வாங்குது" என்று சொல்லி விற்கச் சொல்லிவிட்டார். ஊழியர்களுக்கு அவர் வருஷா வருஷம் எடுக்கிற வகுப்பில் போன தடவை நானும் இருந்தேன். "எல்லாப் பாண்டும் அப்படி இல்ல சார், சிலது முதல நடுவுலயே திருப்பிக் குடுக்கும்" என்று எழுந்து சொன்னேன். "செல்வராணி, அதெல்லாம் டீடெயில். சேல்ஸுக்கு ஒரு வரி போதும்" என்றார். வகுப்பு சிரித்தது. இந்த மலைக்கு என் மாற்றல் உத்தரவு அதற்குப் பின்னால்தான் வந்தது.

இப்போது அந்த டீடெயில் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

மாநகராட்சிகள் தண்ணீர்க் குழாய் போடவும் சாக்கடை கட்டவும் பாண்டு மூலம் கடன் வாங்குகின்றன. மொத்தக் கடனையும் கடைசி நாளில் திருப்பித் தருவது அவர்களுக்குக் கஷ்டம். அதனால் சில பாண்டுகளில் முதல் தொகையைப் பங்கு பிரித்து, வட்டியோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவார்கள். பாக்கியம் வாங்கியது அந்த ரகம். ஏழு வருஷத்தில் பதினாலு தவணை. ஒவ்வொரு தவணையிலும் பதினாலில் ஒரு பங்கு முதல் திரும்பி வந்துவிடும். மிச்ச முதலுக்கு மட்டும்தான் வட்டி. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். அதனால்தான் அவளுக்கு வரும் பணம் குறைந்துகொண்டே வந்தது.

பத்து லட்சத்துக்கு வருஷம் இரண்டு லட்சம் வந்ததே, அப்போதே சந்தேகம் வர வேண்டாமா என்று மதுரையில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஊருக்குள் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி சாதாரணம். அந்தக் கணக்கில் பத்து லட்சத்துக்கு வருஷம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வர வேண்டும். பாக்கியத்துக்கு வந்தது அதைவிடக் கம்மி. கவர்மெண்டு நியாயமாகக் கொடுக்கிறது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். இதில் அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் பண்ணைக்காட்டில் ஒரு வருஷம் குடியிருந்துவிட்டு வரட்டும்.

3. பதினாலு ரூம் வீடு

சொல்லித்தானே ஆக வேண்டும்? சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒத்தியை வைத்து ஏமாந்தவளுக்கு ஒத்தியை வைத்துத்தான் விளக்க முடியும் என்று பட்டது.

"பாக்கியம், பதினாலு ரூம் இருக்கிற வீட்ட நீங்க ஒத்திக்குப் பிடிச்சீங்கன்னு வச்சுக்கங்க. வீட்டுக்காரன் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து ஒரு ரூமப் பூட்டிடறான். அந்த ரூமுக்கு நீங்க குடுத்த ஒத்திக் காச உங்க கையிலயே திருப்பிக் குடுத்துட்டுப் போறான். கூடவே பூட்டாத ரூமுக்கான பலனையும் தர்றான். உங்களுக்கு வந்த பணம் அதுதான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னைக்கு ஒரு லட்சம் வந்துச்சோ, அதுல அறுபத்தெட்டாயிரம் முதல். மிச்சந்தான் பலன்" என்றேன்.

"யாரும் சொல்லலையே மேடம்! ஒரே நாள்ல ரெண்டு தொகையா வருதேன்னு அப்ப இருந்த சாருகிட்டக் கேட்டேன். ரெண்டும் ஒங்க பணந்தாம்மா, எடுத்துக்கங்கன்னாரு."

அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் மேகம் மோதிக்கொண்டிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. கீழே சீசன் கூட்டத்தின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப எத்தன ரூம் தெறந்து கெடக்கு?"

"நாலு."

"பத்து ரூமையும் நானே தின்னுட்டேன்" என்றாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ராஜ்மோகன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஜெனி அப்போது பதினோராம் வகுப்பு. பாண்டு வாங்கும்போது ஆறாவது. "பொண்ணு பன்னெண்டாவது முடிக்கும்போது ஏழு வருசம் கரெக்டா முடியும், மொத்தமாக் கைக்கு வரும்" என்று அன்றைக்கு விற்றவர் சொல்லியிருக்கிறார். வருஷக் கணக்கு மட்டும் சரி.

4. யாரும் பொய் சொல்லவில்லை

அன்றைக்குச் சாயங்காலமே ராஜ்மோகனுக்குப் போன் போட்டேன்.

"நாம என்ன பொய்யா சொன்னோம்? எல்லாம் பேப்பர்ல தெளிவா இருக்கு. அந்தம்மா கையெழுத்து இருக்கு" என்றார்.

"இங்கிலீஷ்ல இருக்கு சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய? டிஃபால்ட் ஆச்சா? ஒரு நாளாவது லேட்டாச்சா? ஏ ஒன் பாண்டு செல்வராணி அது."

அது உண்மைதான். அந்த மாநகராட்சி ஒரு தவணைகூடத் தவறவில்லை. சொன்ன தேதியில் சொன்ன பணம் வந்தது. பாண்டில் பணம் போட்டவர் மோசம் போக, பாண்டு மோசமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தத் தொழிலில் பல வருஷம் குப்பை கொட்டிய எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது.

"ஒரு பொம்பளப் பிள்ளையோட படிப்பு போச்சு சார்."

"நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா ஸ்காலர்ஷிப் வாங்கட்டும்."

"உங்க மகளுக்கு அப்படித்தான் வாங்குனீங்களா?" என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. பாக்கியத்துக்காகத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகாரை நானே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று பதில் வந்தது.

5. ஆறு ரூபாய் யாருக்குப் போனது

இங்கே ஈல்டு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் இதை வாசிக்கிற இளம் ஊழியர்களில் பாதிப்பேருக்கு, பாண்டில் எழுதியிருக்கிற வட்டியான கூப்பனுக்கும், கொடுத்த விலைக்குக் கடைசியில் நிற்கிற வருமானமான ஈல்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எனக்குத் தெரியும். கோபப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.

அந்த வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். ஒரு மாநகராட்சிப் பாண்டின் விவரத்தைப் போனில் காட்டி, "ஒன்பது பெர்சென்ட்னு போட்டிருக்கு. பக்கத்துலயே ஈல்டு ஏழரைன்னும் போட்டிருக்கு. நடுவுல ஒன்றரைய யாரு அடிக்கிறது, நீங்களா?" என்று கேட்டார்.

"சார், ஒன்பதுங்கிறது நூறு ரூபா பாண்டுக்கு. இன்னைக்கு அத நூறு ரூபாய்க்கு யாரும் விக்க மாட்டாங்க. விலை நூத்தியாறு. நீங்க நூத்தியாறு குடுத்து வாங்கணும், முடிவுல கைக்கு வர்றது நூறுதான்."

"ஆறு ரூபா?"

"போச்சு. அந்த நஷ்டத்த வருஷா வருஷம் பிரிச்சு, ஒன்பதுல கழிச்சா மிஞ்சுறது ஏழரை."

"யாருக்குப் போச்சு அது?"

"உங்களுக்கு முன்னாடி வாங்கி வச்சிருந்தவருக்கு. நடுவுல எங்களுக்கும் கொஞ்சம்."

"நல்லவேள, உண்மையச் சொன்னீங்க" என்று சிரித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். எனக்கு அந்த மாத டார்கெட் போனது. போகட்டும்.

பாக்கியத்துக்கும் இந்த வேலையைச் செய்திருந்தார்கள். எட்டரை என்று சொல்லி விற்ற பாண்டை நூற்றுநாலுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் கொடுத்த பத்து லட்சத்துக்குக் கிடைத்த பாண்டு ஒன்பதரை லட்சம் சொச்சம்தான். உண்மையான ஈல்டு ஏழு சொச்சம். அந்த ஏழும் முழுப் பணத்துக்கு ஏழு வருஷம் கிடைத்ததா என்றால் இல்லை. திரும்பி வந்த முதலுக்கு வட்டி அன்றோடு நின்றுவிடும். அந்தப் பணத்தை அன்றைக்கே வேறு எங்காவது அதே வட்டிக்குப் போட்டால்தான், திரையில் தெரிகிற ஈல்டு கடைசியில் கைக்கு வரும். என்ன விலை கொடுத்தோம், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வரும், வருவதில் முதல் எவ்வளவு, இந்த மூன்றும் தெரியாமல் ஈல்டு என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

6. விற்கப் போனோம்

ஒரு வாரம் கழித்துப் பாக்கியம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"அக்கா, மிச்ச நாலு ரூமையும் வெரசா வித்துக் குடுத்துருங்க. பேங்குல போட்டுர்றேன். எனக்கு இது வேண்டாம்."

விற்கப் பார்த்தேன். மாநகராட்சிப் பாண்டைப் பெரிய ஃபண்டுகளும் வங்கிகளும் கோடிக் கணக்கில் வாங்கி, முடிகிற வரை வைத்திருப்பார்கள். இரண்டே முக்கால் லட்சத்துக்கு ஒரு பெண் விற்கிறாள் என்றால் வாங்குவதற்கு ஆள் கிடையாது. நாலைந்து நாள் அலைந்து ஒருவர் கிடைத்தார். நூறு ரூபாய்க்குத் தொண்ணூற்று மூன்று தருகிறேன் என்றார். வாங்கும்போது நூற்றுநாலு, விற்கும்போது தொண்ணூற்று மூன்று. அவனை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

"விக்க வேண்டாம் பாக்கியம். இன்னும் ரெண்டு வருஷந்தான். தேதி தவறாம வந்துரும். வர்றத எடுத்துத் தனியாப் போட்டு வையிங்க. ஒவ்வொரு தவணையிலயும் அறுபத்தெட்டாயிரம் முதல், அது ஜெனிக்கு. மிச்சந்தான் பலன்" என்றேன்.

"இனிமே முதலத் தொட்டா எங்கைய முறிச்சுப் போடுங்க" என்றாள்.

ஃபிக்சட் டெபாசிட்டில் போடச் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடியும் எங்காவது பூட்டிவிடுவார்களோ என்ற பயம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மூன்று சதவீதம்கூடத் தராத அந்தக் கணக்கில் போட்டாள். ஒவ்வொரு தவணை வந்ததும் பாஸ்புக்கை என்னிடம் காட்டிவிட்டுப் போவாள். "சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க, முன்ன மாதிரி வரும்படி இல்லையே?" என்று கேட்பேன். "சமாளிக்கிறேன்க்கா" என்பாள். ஆள் மெலிந்துகொண்டே வந்தாள். விரிப்பு துவைக்கிற சோலி போக, சீசனில் இன்னொரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் பாத்திரமும் கழுவினாள்.

7. தொடாத பணம்

ஜெனி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். அரசு நர்சிங் கல்லூரி கட்ஆஃபில் கொஞ்சத்தில் தவறிப்போனது. திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. கையில் இருக்கிற பணம் இரண்டு வருஷத்துக்குப் போதும், மிச்ச இரண்டு வருஷத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மனதுக்குள் எனக்கே ஒரு சந்தோஷம். பத்து ரூம் போனாலும் நாலு ரூமை வைத்துப் பிள்ளையைக் கரையேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கடைசித் தவணையும் வந்தது. அம்மாவும் மகளும் வந்தார்கள். பாக்கியம் புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"பாருங்கக்கா. நாலு தவணையும் அப்படியே கெடக்கு. ஒரு ரூவா தொடல."

"நல்லது பாக்கியம். நாளைக்கே ஃபீஸ் கட்டிருங்க. நாம பேங்குக்குப் போய் மத்தது பேசுவோம்."

ஜெனி அதுவரை தலை நிமிரவில்லை. "அம்மா, ஆன்ட்டிகிட்டச் சொல்லு" என்றாள்.

பாக்கியம் புதுச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். ஜெனியே சொன்னாள்.

"பேங்குல ஏற்கனவே கேட்டாச்சு ஆன்ட்டி. அப்பாவோட ஜீப் லோன்ல அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க, அது இன்னும் பாக்கி இருக்கு, அதனால கடன் கெடையாதுன்னுட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல. அம்மா மூணு குழுவுல கடன் வாங்கியிருக்காங்க."

"எதுக்கு?" என்றேன்.

"சாப்பிடத்தான். எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டத்தான். இந்தப் பணத்தத் தொடக் கூடாதுன்னு ஒரு குழுவுல வாங்கினாங்க. அதக் கட்ட இன்னொரு குழு. அதக் கட்ட இன்னொண்ணு."

மகளிர் குழுக் கடன் இந்த மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. வாரம் தவறாமல் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் அவள் பங்கையும் போட்டுக் கட்ட வேண்டும். நூற்றுக்கு வருஷ வட்டி இருபத்து நாலு, இருபத்தாறு என்று போகும். ஒரு பக்கம் மூன்றுக்கும் கீழான வட்டிக்குப் பணத்தைத் தூங்கவிட்டு, மறுபக்கம் இருபத்தாறுக்கு வாங்கித் தின்றிருக்கிறாள். இரண்டு வருஷம்! அந்தப் பணத்தையே எடுத்துச் சாப்பிட்டிருந்தால்கூட இந்தளவு போயிருக்காது.

"எவ்வளவு பாக்கி?"

"ரெண்டரை லட்சத்துக்குக் கிட்ட. ரெண்டு மாசமா அம்மா கட்டல. அந்த அக்காமாருதான் ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டுக் கட்டுறாங்க. நேத்து எல்லாரும் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. பாவம், அவங்களும் கூலிக்குப் போறவங்கதான்."

"ஏன் பாக்கியம், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எத்தன தடவ கேட்டேன்!"

"நீங்கதானக்கா முதலத் தொடாதன்னு சொன்னீங்க" என்றாள் பாக்கியம். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. சொன்னபடி செய்தேனே என்கிற மாதிரிதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மூன்று வழி சொல்லிப் பார்த்தேன். முதல் வருஷ ஃபீஸை என் பணத்தில் கட்டுகிறேன் என்றும் சொன்னேன். ஜெனி ஒப்புக்கொள்ளவில்லை. "அடுத்த வருசம்? அதுக்கடுத்த வருசம்? பாதியில நிக்கிறதுக்கு நான் போகல ஆன்ட்டி. அந்த அக்காமாரு காசத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளை இப்படிப் பேசியதை மெச்சிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. பாக்கியம் அந்தக் கணக்கைத் துடைத்து மூன்று குழுக்கடனையும் அடைத்தாள். கல்லூரி இடம் வேறு யாருக்கோ போனது.

8. இப்போது நான் கேட்பது

அதற்குப் பிறகு என் மேஜைக்கு யார் பாண்டு வாங்க வந்தாலும், ஈல்டு எவ்வளவு என்று கேட்டவுடன் நான் எண்ணைச் சொன்னதில்லை. இந்தப் பணம் யாருக்கு, எந்த வருஷம் வேண்டும் என்று கேட்பேன். முதல் எப்படித் திரும்பி வரும் என்பதை ஒரு தாளில் கோடு போட்டு, தவணை தவணையாகக் காட்டுவேன். நடுவில் விற்க ஆள் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்வேன். கடைசியாக, வேறு எங்கேயாவது கடன் இருக்கிறதா என்று கேட்பேன். "சமாளிக்கிறேன்" என்று பதில் வந்தால் விட மாட்டேன். சமாளிக்கிறேன் என்கிறவர் எங்கோ வாரவட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இருபத்தாறு சதவீதக் கடனை அடைப்பதைவிட நல்ல ஈல்டு கொடுக்கிற பாண்டை எந்த மாநகராட்சியும் வெளியிடாது. அப்படிப்பட்டவரைப் பாண்டு விற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ராஜ்மோகன் அதற்கு மெமோ கொடுத்தார். வாங்கி மேஜைக்குள் போட்டேன்.

இளையவர்களே, வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று உங்களுக்கும் வகுப்பெடுப்பார்கள். சொல்லுங்கள். ஆனால் அவருக்கு எது புரிந்தது என்று அவர் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

நான் ரிட்டயர் ஆகி மதுரைக்குத் திரும்பிய அன்று விடிகாலை வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருப்பூர் பஸ்ஸுக்கு ஜெனி ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். பனியன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் அவர்களே தருகிறார்களாம். பாக்கியத்துக்கு லீவு கிடைக்கவில்லை, சீசன்.

"ஆன்ட்டி, ஒரு உதவி" என்றாள். "நான் மாசாமாசம் அம்மாவுக்குக் காசு அனுப்புவேன். அதத் தொடாம எடுத்து வச்சுட்டு மறுபடி குழுவுக்குப் போயிருவாங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லிருங்க. இது பலன்தான், முதல் இல்ல, தாராளமாச் செலவழிக்கலாம்னு."

சொல்கிறேன் என்றேன். அவளை வண்டியேற்றி விட்டுவிட்டு என் பஸ்ஸில் ஏறினேன். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது பாக்கியத்துக்குப் போன் போட்டு, ஜெனி சொன்னதை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் வேலை நிற்கவில்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தமும் விரிப்பைக் கல்லில் அடிக்கிற சத்தமும் கேட்டன.

"சரிக்கா, செலவழிக்கிறேன்" என்றாள். "இது பலன்னா, முதல் எங்கக்கா இருக்கு?"

அந்த முதல் ஏறிப்போன திருப்பூர் பஸ் இந்நேரம் பழனியைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.